யாரோ செய்த செலவு

பல் லேபில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செய்கிற அக்கா, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்தவர்கள் விளையாட்டாக வைத்தது. பிறகு அது சொந்தப் பெயரை ஓரங்கட்டிவிட்டுத் தானே நடமாட ஆரம்பித்துவிட்டது. "வழிவிடுங்கப்பா, தூக்க ஆள் இல்லாம தானே நடந்து வர்ற பல்லக்கு இது ஒண்ணுதான்" என்று வாசல் காவலாளிகூடச் சொல்வார். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அவள் அவற்றில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் பெயர்த்தெடுத்து, இருக்கிற பற்களைப் பார்த்து இல்லாத பல்லுக்கு உருவம் கொடுப்பாள். பல்லுக்குச் சொந்தக்காரரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர், தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவர் என்று அச்சைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். இதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெருவில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிக்க அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். முதலில் பல்லைப் பார்த்து முடிக்க வேண்டும். தெரியாதவர்கள் இதைத் தலைக்கனம் என்பார்கள்.

கணவருக்குக் குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் வேலை. தெருவில் அவர் தண்ணிக்காரர். ஒரு சொட்டு குடிக்காத மனிதருக்கு இப்படி ஒரு பெயர். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கம் சொன்னார். பிறகு விட்டுவிட்டார். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசி வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிடுவார். அதுவும் அவளுக்குப் பழகியதுதான். பேசாமல் இருப்பது வேறு, பேச்சை நிறுத்திக்கொள்வது வேறு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

லேபின் முதலாளி ஒரு பல் டாக்டர். அவர் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினார். வாயைப் படம்பிடித்து அனுப்பினால், வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லை அதுவே கடைந்து கொடுத்துவிடும். அதை இயக்கக் கற்றுக்கொள்ள, இயந்திரத்தைச் செய்த நிறுவனம் தன் நாட்டுக்கே ஆளை வரச் சொன்னது. "யார் போறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது மொத்த லேபும் தரையைப் பார்த்தது. "நான் போறேன் டாக்டர்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையதுதான் என்று பல்லக்காவுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

வீட்டில் அன்றே சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வார்த்தையை வாயிலேயே ஊறப்போட்டாள். அதற்குள் டாக்டர் பாஸ்போர்ட் விஷயமாக வீட்டுக்கு ஃபோன் செய்துவிட்டார். எடுத்தது தண்ணிக்காரர்.

"என்ன சார், உங்க வீட்டம்மா வெளிநாடு போறதுல உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் அவர். எந்த நாடு, எதற்கு, எப்போது என்று எதுவும் தெரியாமலே சொன்ன சந்தோஷம்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியில எனக்குத் தெரியுது. நான் யாரு இந்த வீட்டுல? யாரோதானே?"

தப்பு தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அன்று முழுக்க ஒரு கோரைப்பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஆமா, யாரோதான். அப்படியே வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேசாமலும் இல்லை, அதுதான் கூத்து. "யாரோ கீசரை நிறுத்தாமப் போயிட்டாங்க" என்று அவள் ஃபிரிட்ஜிடம் சொல்வாள். "யாரோ என் கண்ணாடியைத் துடைச்சு வெச்சிருக்காங்க, இப்ப சுத்தமா கண்ணே தெரியலை" என்று அவர் டிவியிடம் சொல்வார். ஃபிரிட்ஜும் டிவியும் இப்படி மாறிமாறிக் குடித்தனம் நடத்தின. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாரோ என்றால் யார் என்ற குழப்பத்துக்கு இடமில்லை. பம்ப் ஹவுஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது "இன்னைக்கு என்னண்ணே?" என்று கேட்டால், "யாரோ என்னமோ கட்டிக் குடுத்திருக்காங்க" என்பாராம். கூட வேலை பார்ப்பவரின் மனைவி கடையில் பார்த்தபோது சொல்லிச் சிரித்தாள். பல்லக்கா சிரிக்கவில்லை. சிரித்தவளின் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி இருப்பதை மட்டும் கவனித்தாள்.

விமான டிக்கெட்டை டாக்டர் எடுத்துவிட்டார். தங்கும் ஹோட்டலுக்கு, "இப்போதைக்கு உங்க கார்டுல போட்டுடுங்க, வந்ததும் பார்த்துக்கலாம்" என்றார். அவளுக்கென்று தனியாகக் கார்டு கிடையாது. தண்ணிக்காரரின் கிரெடிட் கார்டோடு வங்கி ஓர் இணைப்புக் கார்டு கொடுத்திருந்தது. அதில் அவள் பெயர்தான் இருக்கும், ஆனால் கணக்கு அவருடையது. அவள் எங்கே தேய்த்தாலும் மெசேஜ் அவர் ஃபோனுக்குத்தான் போகும்.

"வெளிநாட்டுல கார்டு வேலை செய்யணும்னா ஃபோன்ல எதையோ ஆன் பண்ணணுமாம். மெயின் கார்டு வெச்சிருக்கறவங்கதான் பண்ணணுமாம்" என்றாள் வாஷிங் மெஷினிடம். அது துணியைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் டிவிக்குத் தகவல் போயிற்று. "ஆன் பண்ணியாச்சு. பின் நம்பர் பழசுதான். யாரோ மறக்காம இருந்தா சரி."

விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். பெட்டியை இறக்கினார். சக்கரம் ஒழுங்காக உருள்கிறதா என்று இரண்டடி தள்ளிப்பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்து "பார்த்து" என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை வந்தால் போதும், 'நீ' என்று ஆரம்பிக்கிற எதுவானாலும் சரி, அதைப் பிடித்துக்கொண்டு பேசிவிடலாம் என்று நினைத்தாள். முதல் வார்த்தையைத் தான் பேசுவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். வரவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலே பறக்கும்போதுதான் பயம் வந்தது. விமானத்தைப் பற்றிய பயம் இல்லை. கரைத்த மாவு கொஞ்ச நேரம்வரை இளக்கமாகவே இருக்கும், விரலால் எப்படி வேண்டுமானாலும் தள்ளலாம். ஒரு கட்டத்துக்குப் பிறகு இறுகிவிடும். அப்புறம் திருத்த முடியாது, உடைக்கத்தான் முடியும். வீட்டில் எந்தக் கட்டம் நடக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பயிற்சிக் கூடத்தில் வேறொரு ஊர் லேபிலிருந்து வந்த பெண் கூட்டாளியானாள். மெழுகில் பல் வடிக்கிற வேலை செய்கிறவள் என்பதால் பல்லக்கா அவளை மெழுகு என்றே கூப்பிட்டாள். வாய் ஓயாத பெண். ஏற்கெனவே இரண்டு முறை வெளிநாடு வந்தவள் என்பதால் கார்டு விஷயத்தில் அவள்தான் குரு.

"அக்கா, மெஷின் கேக்கும், அவங்க காசா நம்ம காசான்னு. எப்பவும் அவங்க காசையே அமுக்குங்க. நம்ம காசுன்னு அமுக்கினா, மாத்தித் தர்றேன்னு நடுவுல ஒருத்தன் கையை நனைச்சுட்டுத்தான் விடுவான்."

"நம்ம காசுன்னு பார்த்ததும் பாசம் வந்துடுதுடி."

"அந்தப் பாசத்துக்குத்தான்க்கா அவன் கடை போட்டிருக்கான்."

பல்லக்கா அவர்கள் காசையே அமுக்கினாள். ரயிலுக்கு, ரொட்டிக்கு, ஒரு மழை நாளில் குடைக்கு. கார்டு ஒவ்வொரு முறை பீப் என்னும்போதும் இங்கே நடப்பது அங்கே ஒரு சட்டைப் பையில் துடிக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

"வீட்டுக்கு ஃபோனே பண்ண மாட்டீங்களாக்கா?" என்று மெழுகு கேட்டாள்.

"அதான் மெசேஜ் போகுதே."

"அது பேங்க் அனுப்பறதுக்கா."

"யார் அனுப்பினா என்ன?"

பயிற்சி முடிந்த அன்று, செயற்கைப் பல்லுக்குப் பூச்சு கொடுக்கும் தூரிகைகளுக்குப் பேர்போன ஒரு கடை இருப்பதாகச் சொன்னார்கள். இருவரும் தேடிப் போனார்கள். குறுகலான தெரு. கடையின் முன்பக்கம் முழுக்கத் தூண்டிலும், வேட்டைக்காரர்கள் போடும் முழங்கால் உயர பூட்ஸும் தொங்கின. தூரிகைகள் பின்கட்டில் இருந்தன. காட்டு விலங்குகளின் முடி வியாபாரத்திலிருந்து வளர்ந்த கடையாம், இரண்டுக்கும் முதலாளி ஒருவரே, பணம் வாங்கும் மெஷினும் ஒன்றே. முனை ஊசிபோல் கூடும் தூரிகைகளில் ஒரு செட்டை எடுத்து விரலில் தடவிப்பார்த்தாள் பல்லக்கா. வாழ்க்கையில் முதன்முறையாக விலையைக் கேட்காமல் கார்டை நீட்டினாள்.

மறுநாள் காலை ஹோட்டலைக் காலி செய்யும்போது அதே கார்டு பல்லிளித்துவிட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் இரண்டாம் முறை செருகினான். மூன்றாம் முறை கார்டைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுச் செருகினான். மெஷின் ஒரே பதிலைச் சொன்னது. முதல் நாள் பிடித்துவைத்த தொகை ஓர் இரவுக்குத்தான் ஆகும், மீதியைக் கட்ட வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னான். கட்டாமல் போகலாம் என்று சொல்லவில்லை. விமானம் மத்தியானம். டாக்டரின் ஃபோன் அணைந்திருந்தது. மெழுகின் கார்டு அவளுடைய கம்பெனி சாப்பாட்டுக்கென்று அளந்து போட்டுக் கொடுத்தது, அதில் வழித்துப் பார்த்தாலும் ஒரு காபிக்குத்தான் தேறும்.

"பேங்குக்கு அடிங்கக்கா. கார்டு பின்னாடி நம்பர் இருக்கு."

அடித்தாள். மெழுகும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டெல்லாம் பாடி முடித்து ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், உங்க கார்டை நேத்து பிளாக் பண்ணியிருக்கோம். வேட்டைச் சாமான் கடையில ஒரு செலவு. சந்தேகமா இருந்தது."

"அது தூரிகைம்மா. பல்லுக்குப் பூசற தூரிகை."

பல், தூரிகை, வேட்டை. மூன்றையும் வங்கிப்பெண் ஒன்றோடொன்று பொருத்திப்பார்த்திருக்க வேண்டும். கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கலாம் மேடம். ஆனா மெயின் கார்டு ஹோல்டர்கிட்ட பேசிட்டோம். இந்தச் செலவு நீங்க பண்ணதான்னு கேட்டதுக்கு, 'நான் எங்கம்மா வேட்டைக்குப் போனேன், யாரோ பண்ணியிருக்காங்க'ன்னு சொல்லியிருக்கார். யாரோன்னு சொல்லிட்டா உடனே பிளாக் பண்ணிடுவோம்."

பல்லக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது.

"அந்த யாரோ நான்தாம்மா."

"புரியலை மேடம்."

"எங்க வீட்டுல அவருக்கு யாரோன்னா நான். எனக்கு யாரோன்னா அவர்."

"மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டும்."

"சரி மேடம், அவரையும் லைன்ல சேர்க்கறேன். அவர் வாயால சொன்னாத்தான் பிளாக்கை எடுக்க முடியும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். மேசைக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். தண்ணிக்காரரின் ஃபோனில் மணி அடித்தது. எடுத்ததும் மோட்டார் இரைச்சல் ஹோட்டல் முகப்பெல்லாம் நிறைந்தது. சோபாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், உங்க இணைப்புக் கார்டு யார்கிட்ட இருக்கு?"

"வீட்டுல யா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பேர் சொல்லணும் சார்."

சொன்னார். அவளுடைய முழுப்பெயர். இரைச்சலுக்கு மேல் கேட்பதற்காகக் கத்திச் சொன்னார். மெழுகு திரும்பி, "அக்கா, இதுவா உங்க பேரு?" என்றாள்.

"உங்களுக்கு என்ன உறவு சார்?"

"மனைவி."

"அந்த வேட்டைச் சாமான் செலவு அவங்க பண்ணதுதானா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எதுக்கு வாங்கினாங்கன்னு அவங்களையே கேளுங்க."

"தூரிகைன்னு சொல்லும்மா" என்றாள் பல்லக்கா.

"தூரிகைக்கு எதுக்கு அந்தக் கடைக்குப் போகணும்னு கேளுங்க."

"அங்கதான் நல்லதா இருக்குன்னு சொல்லும்மா. இவ்வளவு கேக்கறவர், கார்டை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னும் சொல்லு."

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்? அவங்களா நிறுத்தினாங்கன்னு சொல்லுங்க."

வங்கிப்பெண் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "சார், மேடம். நீங்க ரெண்டு பேரும் ஒரே லைன்லதான் இருக்கீங்க. நான் சொல்லாமலே கேக்குது."

மெழுகு துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். லைனில் மோட்டார் மட்டும் ஓடியது. ஒரு கதவு இழுபட்டது. இரைச்சல் சட்டென்று தூரமாயிற்று. வெளியே வந்து நிற்கிறார்போல.

"இப்ப எங்க நிக்கறே?"

நிக்கறே. 'நிக்கறாங்க' இல்லை. 'நீ' என்று அவர் சொல்லவில்லை, வினையின் வாலில்தான் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் நேராக அவளிடம்தான் வந்தது.

"ஹோட்டல்லதாங்க. பணம் கட்டாம விடமாட்டேங்கறான்."

"ஃப்ளைட்?"

"மத்தியானம்."

"அம்மா, பிளாக்கை எடுத்துடுங்க" என்றார் வங்கிப்பெண்ணிடம். "அவதான்."

"ரெக்கார்டுல தெளிவா இருக்கணும் சார். முழுசாச் சொல்லுங்க."

"அந்தச் செலவு பண்ணது என் மனைவிதான். இன்னைக்கு ஹோட்டலுக்குப் பண்ணப் போறதும் அவதான். போதுமா?"

"நன்றி சார். எடுத்தாச்சு. எங்க சேவைக்கு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு மார்க் தருவீங்க?"

"அஞ்சு" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். வங்கிப்பெண் கழன்றுகொண்டாள். போகும்போது அவள் சிரித்த மாதிரி இருந்தது.

லைன் மட்டும் அறுபடவில்லை. பல்லக்கா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஃபோனைக் காதில் வைத்தாள். மேசைக்காரனிடம் தலையை ஆட்டினாள். அவன் கார்டைச் செருகினான். பின் நம்பரை அவள் பார்க்காமலே அழுத்தினாள்.

"வைக்கவா?" என்றார் அவர்.

"இருங்க. ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணுகிட்ட யாரோன்னு சொன்னீங்களே, அது எந்த யாரோ?"

"எந்த யாரோன்னா?"

"என்னைச் சொன்னீங்களா, இல்ல நிஜமாவே யாரோ ஒரு திருடனைச் சொன்னீங்களா?"

"உன்னைத்தான்."

"நான்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"கார்டு உன்கிட்டதானே இருக்கு. வேற யாரை நான் யாரோன்னு சொல்லப்போறேன்? எனக்கு இருக்கறது ஒரே ஒரு யாரோ. அந்தப் பொண்ணுக்குப் புரியலைன்னா நான் என்ன பண்ண?"

"அவளுக்கு எப்படிங்க புரியும்? அவ என்ன நம்ம வீட்டு ஃபிரிட்ஜா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் விடுவதாயில்லை அவள். "நீங்க சிரிக்காதீங்க. முதல் நாளே நான் சொல்லியிருக்கணும், அது என் தப்புதான், இல்லைங்கலை. அதுக்காக டப்பாவைத் திறந்துவெச்சுக்கிட்டு ஆபீஸ்ல போய்ச் சொல்றதா? கடையில ஒருத்தி பல்லைக் காட்டறா."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"ஏய், இது அநியாயம். பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன். முதல்ல நீங்க சொல்லுங்க, அன்னைக்கு ஏர்போர்ட்டுல பெட்டிகிட்ட என்ன பேச்சு?"

மெஷின் ரசீதைத் துப்பியது. வெளியே டாக்ஸி வந்து நின்றது. மெழுகு இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், திரும்பி வந்து, கையை ஆட்டி அவசரப்படுத்தினாள். மேசைக்காரன் கார்டை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றான். பல்லக்கா அவனைப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் அவன் பக்கம் தூக்கி, "ஒரு நிமிஷம்ப்பா, பேசிட்டு வந்துடறேன்" என்றாள் தமிழில்.